மேடைக்குப் பின்னால் பேசும் பேச்சு பந்தா இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பகுதியில் நாடகக்காரர்களின் பேச்சைப் பற்றி ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருந்தார். புதிதாக ஒரு குழுவில் சேர்ந்து ஒத்திகைக்குப் போனாராம், அங்கே எல்லாரும் க்யூ, ஸ்டாண்ட்பை, டவுன்ஸ்டேஜ், ஸ்ட்ரைக், ஃப்ளை என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்களாம், இவருக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். இடது, வலது, திரை, விளக்கு என்று எல்லாருக்கும் தெரிந்த சொற்களில் சொன்னால் என்ன குறைந்துபோகும், நாங்கள் உள்ளே இருப்பவர்கள் நீ வெளியே இருப்பவன் என்று காட்டத்தானே இதெல்லாம் என்று கேட்டிருக்கிறார். நீங்களும் அந்தக் கடிதத்துக்கு 'பந்தா பாஷை' என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டுவிட்டீர்கள்.

அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். நான் நடிகன் இல்லை. மேடைக்குப் பின்னால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு இருட்டில் நிற்கிறவன், அதிலேயே பல வருடம் ஓடிவிட்டது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் இந்தச் சொற்கள் வேறு மாதிரித் தெரியும்.

இடது வலதையே எடுத்துக்கொள்வோம். ஒத்திகையில் இயக்குநர் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்து மேடையைப் பார்க்கிறார், நடிகர் மேடையில் நின்று அவரைப் பார்க்கிறார். இவருடைய இடது அவருடைய வலது. பின்னால் ஏணி மேல் நிற்பவன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறானோ அவனுக்கு அதற்கேற்ற இடது வலது. இந்த நிலையில் "இடது பக்கம் தள்ளு" என்று ஒருவர் கத்தினால் நான்கு பேர் நான்கு பக்கம் தள்ளுவார்கள், நடுவில் இருக்கும் சக்கரம் வைத்த மரமேடை யார் காலில் ஏறும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதனால்தான் ஸ்டேஜ் லெஃப்ட் என்றால் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடது, ஹவுஸ் லெஃப்ட் என்றால் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரின் இடது என்று ஒரே தடவையில் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் இடதும் வேண்டாம் வலதும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பாரிஸில் ட்யூலரி அரண்மனையில் இருந்த அரங்கத்துக்கு ஒரு பக்கம் முற்றம், மறுபக்கம் தோட்டம், அதை வைத்து 'முற்றப் பக்கம்', 'தோட்டப் பக்கம்' என்று சொல்லிப் பழகி, அந்த அரண்மனையே எரிந்து இல்லாமல் போன பிறகும் இன்றுவரை அப்படியே சொல்கிறார்கள். ஜப்பானின் கபுகி மேடையிலும் இரண்டு பக்கத்துக்கும் கமிதே, ஷிமோதே என்று தனிப் பெயர்தான். பிரிட்டனில் வசனம் எடுத்துக் கொடுப்பவர் உட்காரும் பக்கம், அதற்கு எதிர்ப்பக்கம் என்று ஒரு கணக்கு. வெவ்வேறு நாட்டுக்காரர்கள் எல்லாரும் இந்த ஒரே சிக்கலுக்குத் தனித்தனியாக வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றால் சிக்கல் உண்மையானது என்றுதானே அர்த்தம்?

அப்ஸ்டேஜ், டவுன்ஸ்டேஜ் கதையும் அப்படித்தான். பழைய ஐரோப்பிய மேடைகள் பின்னால் உயர்ந்து முன்னால் சரிந்து கட்டப்பட்டவை, கீழே உட்கார்ந்திருப்பவருக்கும் பின்னால் நிற்கும் நடிகர் தெரிய வேண்டும் என்பதற்காக. அதனால் பின்பக்கம் போவது மேலே ஏறுவது, முன்பக்கம் வருவது கீழே இறங்குவது. இன்று பெரும்பாலான மேடை தட்டையாகிவிட்டது, சொல் மட்டும் நின்றுவிட்டது. நிற்கட்டுமே. "முன்னால் வா" என்று சொன்னால் யாருக்கு முன்னால் என்று கேட்கத் தோன்றும், "டவுன்ஸ்டேஜ்" என்றால் கேள்வியே கிடையாது. (பக்கத்து நடிகர் வேண்டுமென்றே பின்னால் நகர்ந்துபோய், நம்மைப் பார்வையாளருக்கு முதுகு காட்டிப் பேச வைக்கும் திருட்டுத்தனத்துக்கும் 'அப்ஸ்டேஜ்' என்ற சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது. அந்த வேலையைச் செய்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு.)

சரி, க்யூவுக்கு, அதாவது ஒரு வேலையை எந்த நொடியில் செய்ய வேண்டும் என்பதற்கான சைகைக்கு வருவோம், ஏனென்றால் அந்த வாசகருக்கு அதிகம் எரிச்சல் மூட்டியது அதுதான் போலிருக்கிறது. நாடகம் ஓடும்போது விளக்கை மாற்றுபவர் ஓரிடம், ஒலி போடுபவர் வேறிடம், பின்திரையைத் தூக்குபவர் மேலே எங்கோ, தட்டியை நகர்த்துபவர்கள் பக்கவாட்டில். இவர்களில் பாதிப்பேருக்கு மேடையே தெரியாது. மேடை தெரிவதும் முழுப் பிரதி கையில் இருப்பதும் ஸ்டேஜ் மேனேஜர் ஒருவருக்குத்தான். அந்தப் பிரதியின் ஓரத்தில் எந்த வசனத்தின் எந்த அசையில் எது நடக்க வேண்டும் என்று எண் போட்டுக் குறித்திருப்பார். அவர் முதலில் "ஸ்டாண்ட்பை லைட் 24, சவுண்ட் 11" என்பார். அந்த வேலைக்காரர்கள் "ஸ்டாண்ட்பை" என்று பதில் சொல்லியே ஆக வேண்டும், பதில் வராவிட்டால் அந்த ஆளே அங்கு இல்லை என்று பொருள். அப்புறம் "லைட் 24, சவுண்ட் 11" என்று சொல்லி ஒரு கணம் நிறுத்தி, "கோ". அந்த 'கோ' காதில் விழுந்த நொடியில் கை அழுத்த வேண்டும். வரிசையைக் கவனியுங்கள், எண் முதலில், 'கோ' கடைசியில். "கோ லைட் 24" என்று மாற்றிச் சொன்னால் 'கோ' கேட்டதுமே எல்லாரும் அழுத்திவிடுவார்கள், எண்ணைக் கேட்க யாரும் காத்திருக்கமாட்டார்கள். அதனாலேயே ஹெட்செட்டில் இருக்கும்போது வேறு எந்தப் பேச்சிலும் அந்தச் சொல்லை எடுக்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். ஹெட்செட் வசதி இல்லாத இடத்தில் இதே வேலையை இரண்டு சின்ன விளக்குகள் செய்யும், சிவப்பு எரிந்தால் தயாராக நில், பச்சை எரிந்தால் செய்.

இதைச் சாதாரணப் பேச்சில் சொல்லிப் பாருங்கள். "தம்பி, அவர் அந்த வசனத்தை முடிக்கப் போகிறார், முடித்ததும் அந்த நீல விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிடு, அப்படியே அந்த மழைச் சத்தத்தையும் போட்டுவிடு." இதைச் சொல்லி முடிப்பதற்குள் மழை நின்று அடுத்த காட்சியே வந்துவிடும். ஒரு பெரிய இசை நாடகத்தில் இப்படி நூற்றுக்கணக்கான க்யூ இருக்கும், சில நேரம் ஒரே நிமிடத்தில் ஏழெட்டு வந்து குவியும்.

இதுவரை சொன்னதில் தப்பு நடந்தால் காட்சி கெடும், அவ்வளவுதான். தலைக்கு மேலே தொங்கும் விஷயத்தில் தப்பு நடந்தால் ஆள் சாவார். பெரிய அரங்கங்களில் மேடைக்கு மேலே, பார்வையாளர் கண்ணில் படாத உயரத்தில் இன்னொரு கட்டடமே இருக்கும். அங்கேதான் படுதாக்களும் விளக்குகளும் தட்டிகளும் நீளமான குழாய்களில் தொங்கும். எதிர் எடை வைத்த அமைப்பில் குழாயின் ஒரு பக்கம் படுதா, மறுபக்கம் ஒரு கூண்டில் அதே அளவு இரும்புக் கட்டிகள். இரண்டும் சமமாக இருந்தால் ஒற்றை ஆள் கயிற்றைப் பிடித்து நூற்றுக்கணக்கான கிலோவை ஏற்றி இறக்கலாம். சமம் குலைந்தால்தான் ஆபத்து. படுதாவை மாட்டும்போது குழாயைக் கீழே இறக்கி, முதலில் படுதாவைக் கட்டி, பிறகுதான் மேலே கூண்டில் இரும்பை அடுக்க வேண்டும். கழற்றும்போது நேர்மாறு, முதலில் இரும்பை எடுத்துவிட்டு அப்புறம்தான் படுதாவில் கை வைக்க வேண்டும். அவசரத்தில் யாரோ ஒருவர் படுதாவை முதலில் அவிழ்த்துவிட்டால், உச்சியில் இருக்கும் கனமான கூண்டு தடதடவென்று கீழே பாயும், வெறும் குழாய் மேலே பறக்கும். கயிற்றில் ஒரு பூட்டு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் இவ்வளவு பெரிய எடை வித்தியாசத்தைத் தாங்குவதற்காகச் செய்த பூட்டு இல்லை அது. ஓடும் கயிற்றைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்ப்பவரின் உள்ளங்கைத் தோல் போய்விடும், அதோடு போனால் அவர் புண்ணியம் செய்தவர்.

இந்த வேலை நடக்கும்போது மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒருவரையொருவர் சரியாகப் பார்க்கக்கூட முடியாது. "ஆச்சா?" "ஆச்சு!" என்று பேசிக்கொண்டால் எது ஆச்சு? இரும்பு எடுத்தாச்சா, படுதா கட்டியாச்சா? எந்தக் குழாய் என்று அதன் எண், இறங்குகிறதா ஏறுகிறதா, எடை வைத்தாச்சா எடுத்தாச்சா, இதற்கெல்லாம் குழுவில் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே வாசகம் இருக்க வேண்டும், கேட்டவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். மேலிருந்து ஒரு ஸ்பானரோ போல்ட்டோ நழுவினால் "ஹெட்ஸ்!" என்று ஒரே ஒரு கத்தல். அந்தச் சத்தம் கேட்டதும் என்ன விழுகிறது என்று அண்ணாந்து பார்க்கக் கூடாது. புது ஆள் எல்லாருமே அதைத்தான் செய்வார்கள்.

திரை விஷயமும் இப்படித்தான். 'திரை' என்று சொன்னால் போதாதா என்கிறார் நண்பர். எந்தத் திரை? முன்னால் விழுவதா, நடுவில் குறுக்கே ஓடுவதா, பக்கங்களை மறைக்கும் கறுப்புத் துணியா, மேல் விளக்குகளை மறைக்கும் குட்டைத் துணியா, பின்னால் வானம் காட்டும் வெள்ளையா? இவை போக இரும்புத் திரை என்று ஒன்று உண்டு, மேடையில் தீப்பிடித்தால் பார்வையாளர் பக்கம் பரவாமல் தடுப்பதற்கு. 1887-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகர ராயல் தியேட்டரில் வாயு விளக்கிலிருந்து தீ பரவி 186 பேர் இறந்த பிறகு அங்கே அந்தத் திரை கட்டாயமானது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வா தியேட்டரில் ஒரு பகல் காட்சி. திறந்து இரண்டு மாதம்கூட ஆகாத அரங்கம், தீயே பிடிக்காது என்று விளம்பரம் வேறு. ஆர்க் விளக்கிலிருந்து துணியில் தீப்பிடித்தது, தீத்தடுப்புத் திரையை இறக்கினார்கள், அது பாதியில் சிக்கி நின்றது. நடிகர்கள் தப்பிக்க மேடையின் பின்கதவைத் திறந்ததும் உள்ளே வந்த காற்று, தீயை அந்த இடைவெளி வழியாகப் பார்வையாளர் மேல் வீசியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் குழந்தைகள் ஏராளம். அதனால்தான் இரும்புத் திரை இறங்கும் கோட்டில் ஒரு நாற்காலிகூட இருக்கக் கூடாது என்கிறோம், அந்தக் கோட்டுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். புகைக்குள் நின்றுகொண்டு "எந்தத் திரைங்க?" என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

எல்லாச் சொல்லும் இப்படி உயிர் காக்கும் சொல் என்று சொல்லமாட்டேன். சில வெறும் வேடிக்கை. ஸ்ட்ரைக் என்றால் அடிப்பது இல்லை, மேடையிலிருந்து எடுத்துவிடுவது. "அந்த மேசையை ஸ்ட்ரைக் பண்ணு" என்று கேட்டுத் திருதிருவென விழித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். 'டெட்' என்றால் தொங்கும் பொருள் இறங்கி நிற்க வேண்டிய சரியான உயரம். மேடையில் இருக்கும் மேசை விளக்கு உண்மையிலேயே எரியும் என்றால் அதற்கு 'ப்ராக்டிகல்' என்று பெயர், எரியாவிட்டால் அது வெறும் அலங்காரம். விளக்கைப் 'ஃபோகஸ்' பண்ணுவது என்றால் கேமராவில் செய்வது போலத் தெளிவாக்குவது மட்டும் இல்லை, அது எங்கே விழ வேண்டும், எங்கே விழக் கூடாது, எவ்வளவு அகலம் என்று ஏணி ஏறி ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கும் பாதி நாள் வேலை.

இருப்பதிலேயே குழப்பமானது பிரிட்டிஷ் அரங்கத்தின் நேரக் கணக்கு. நாடகம் தொடங்க 35 நிமிடம் இருக்கும்போது 'அரை' என்று அறிவிப்பார்கள், 20 இருக்கும்போது 'கால்', 10 இருக்கும்போது 'ஐந்து'. என்ன கணக்கு இது, பள்ளிக்கூடம் போகாதவர்கள் போட்டதா என்று தோன்றும். விஷயம் என்னவென்றால் முதல் காட்சியில் வருபவர்கள் 5 நிமிடம் முன்பே மேடையருகில் வந்து நிற்க வேண்டும், கணக்கெல்லாம் அந்த நேரத்தை வைத்துத்தான். நடிகருக்கு நாடகம் தொடங்குவது திரை தூக்கும்போது இல்லை, அவர் ஒப்பனை அறையை விட்டுக் கிளம்ப வேண்டிய நிமிடத்தில். 'அரை' சொல்லும்போது ஒரு நடிகர் வந்து சேரவில்லை என்றால் மாற்று நடிகரைத் தயார்ப்படுத்தும் வேலை தொடங்கிவிடும். கோணலாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது.

இப்போது வாசகர் பக்கம் உள்ள நியாயத்துக்கு வருகிறேன். நாடக உலகத்தில் இரண்டு வகைச் சொற்கள் புழங்குகின்றன. ஒன்று வேலைச் சொல், நான் மேலே சொன்னதெல்லாம் அந்த வகை. இன்னொன்று வீம்புச் சொல். நாடகம் முடிந்ததும் நடக்கும் கலந்துரையாடலில் ஒருவர் எழுந்து 'வெளியின் அரசியல்', 'உடல்மொழியின் கட்டுடைப்பு', 'மிஸான்ஸேன்' என்று கால்மணி நேரம் பேசுவார், பேசி முடித்ததும் நாடகம் அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பந்தா என்றால் நானும் கை தூக்குகிறேன். வேலைச் சொல்லைச் சோதித்துப் பார்ப்பது சுலபம், அதைச் சொன்னதும் யாராவது எதையாவது செய்வார்கள், விளக்கு மாறும், கயிறு நகரும், ஒருவர் ஓடுவார். வீம்புச் சொல்லைச் சொன்னால் தலையாட்டுவார்கள்.

இன்னொரு நியாயமும் அவருக்கு உண்டு, உண்மையில் அதுதான் பெரியது. புதிதாக வந்தவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களில் பலருக்கு அந்தக் கெட்ட பழக்கம் இருக்கிறது, நாங்கள் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டோம், நீயும் திட்டு வாங்கிக் கற்றுக்கொள் என்று. ஒரு குழுவில் ஒரு பையனை "ஸ்டேஜ் ரைட் விங்ல போய் நில்லு" என்று (விங் என்றால் மேடையின் பக்கவாட்டு மறைவிடம்) அனுப்பிவிட்டு, அவன் எதிர்ப்பக்கம் போய் நின்றதற்கு எல்லார் முன்னாலும் வைத்துச் சிரித்தார்கள், மறுநாள் அவன் வரவில்லை. முதல் நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேடை முழுக்க நடத்திக் கூட்டிப்போய், இது விங், இது இரும்புத் திரைக் கோடு, இந்தக் கயிற்றில் கை வைக்காதே, தரையில் ஒட்டியிருக்கும் இந்தக் கலர் டேப்தான் மேசைக்கால் நிற்கும் இடம், 'ஹெட்ஸ்' என்றால் இப்படிக் குனி என்று காட்டிவிட்டால் தீர்ந்தது. புத்தகம் போட்டுப் படிக்க வைக்க வேண்டியதில்லை, இடத்தைக் காட்டினால் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் தமிழில் சொல்லக் கூடாதா என்று உங்கள் பத்திரிகையில் அடுத்து ஒரு கடிதம் வரும், எனக்குத் தெரியும். தாராளமாகச் சொல்லலாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவுகோல் கணக்கில் மேடைக்கு அளவு கொடுத்து, தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைக்கச் சொல்லி, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகளைப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. ஒரு பக்கமிருந்து ஓடுவது, இரண்டு பக்கமிருந்தும் வந்து கூடுவது, மேலே மறைந்திருந்து இறங்குவது என்று உரைகள் விளக்குகின்றன. 'திரை' என்று பொதுவாகச் சொன்னால் போதாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு இருப்பது ஒரே நிபந்தனைதான். எந்த மொழியில் வைத்தாலும் ஒரு செயலுக்கு ஒரே சொல், அது சின்னச் சொல், குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் அதே சொல். நாடகம் நடக்கும் இரவில் வந்து புதுச் சொல்லை முயற்சி செய்து பார்க்கக் கூடாது.

கடைசியாக உங்களுக்கு ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நாடக விமர்சனங்களில் நடிப்புக்கு நான்கு பத்தி, கதைக்கு மூன்று பத்தி போன பிறகு கடைசி வரியில் "ஒளி, ஒலி அமைப்பு கச்சிதம்" என்று வரும், எல்லா நாடகத்துக்கும் அதே வரி. விளக்கு எங்கிருந்து வந்தது, நடிகரின் முகம் ஏன் அந்த இடத்தில் மட்டும் இருண்டது, காட்சி மாற்றத்துக்கு எத்தனை நொடி எடுத்தார்கள், மழைச் சத்தம் வசனத்தை மூடியதா, இதையெல்லாம் ஒரு தடவையாவது எழுதியிருக்கிறீர்களா? திட்டித்தான் எழுதுங்களேன், எங்களுக்கு அதுவும் சந்தோஷம்தான், யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று தெரியும். உங்கள் விமர்சகரை நாடகத்தன்று வருவதற்கு முன்னால் ஒரு தொழில்நுட்ப ஒத்திகைக்கும் அனுப்பிவையுங்கள். அது பார்க்க மகா அறுவையாக இருக்கும், ஒரு வாசலைத் திறந்து மூடுவதையே இருபது தடவை செய்வோம், நடிகர்கள் எரிந்து விழுவார்கள். ஆனால் ஸ்டேஜ் மேனேஜர் பக்கத்தில் ஒரு ஹெட்செட்டை மாட்டி உட்கார வைத்தால் இரண்டு மணி நேரத்தில் அவருக்கு எல்லாச் சொல்லும் விளங்கிவிடும். போன வாரம் கடிதம் எழுதிய நண்பரையும் சேர்த்தே அனுப்பலாம், இருவருக்கும் ஹெட்செட் நான் தருகிறேன். உட்கார்ந்திருக்கும்போது 'கோ' என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
மேடைக்குப் பின்னால் வேலை செய்யும் ஒரு வாசகன்